கடித்தது நாய், கடன் யாருக்கு?

"கடிநாய் கவனம்" என்று படலையில் ஒரு பலகையைத் தொங்கவிட்டதும் தமது பொறுப்பு முடிந்துவிட்டதென்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அன்பான வாசகரே, அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தமது நாய் கடிக்கக்கூடியது என்பதை வீட்டுக்காரர் நன்கு அறிவார் என்பதையல்லவா அது சொல்கிறது? அவருக்கு எதிராக அவரே எழுதிவைத்த சாட்சியம் அது. வாசிக்கத் தெரியாத பாலகனுக்கு அதனால் பயனில்லை. ஒழுங்கைக்கு ஓடிவந்துவிட்ட நாயின் பின்னால் பலகை ஓடிவருவதுமில்லை.

வாயில்லாப் பிராணி செய்த தீங்குக்கு அதை வளர்த்தவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? இது மிகப் பழைய கேள்வி. முட்டும் மாட்டைப் பற்றி யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் பேசுகின்றது. மாடு முன்பின் முட்டியறியாததாயின், அது ஒருவரை முட்டிக் கொன்றாலும் உரியவன் குற்றமற்றவன். முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவையாதவனோ பெருங்குற்றவாளி. ஆங்கிலேயரின் பழைய வழக்குச் சட்டமும் இதே வழியிற் சென்றது. நாயின் கெட்ட குணத்தை உரியவர் முன்னரே அறிந்திருந்தாரென்று காட்டினாலன்றி ஈடு கிடையாது. ஆகவேதான் "முதற் கடி இலவசம்" என்று மக்கள் கேலி பேசினர்.

உரோமர் வேறு வழியிற் சிந்தித்தனர். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம் முதலாக, வளர்ப்புப் பிராணி தன் இயல்புக்கு மாறாகச் சீறித் தீங்கு செய்தால், உரியவரிடம் தவறு இருந்ததா என்று கேளாமலே ஈடு கோரலாம் என்பது அவர்களுடைய முறை. கடியுண்டவரே பிராணியைச் சீண்டியிருந்தால் அந்த உரிமை இல்லை. இம்முறை உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே தென்னாபிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

அங்கே 2020ஆம் ஆண்டில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று நம் மனச்சான்றைத் தொடுவதாகும். தோட்ட வேலை செய்து பிழைத்த ஒருவர் தெருவழியே போனபோது மூன்று நாய்கள் அவரைக் குதறின. அவர் தமது இடது கையை இழந்தார். "படலை பூட்டியே இருந்தது. எவனோ உட்புகுந்தவன் திறந்துவிட்டுப் போனான். என்மேல் என்ன பிழை?" என்பது நாய்களுக்கு உரியவரின் வாதம். அவர் கவனக்குறைவாய் இருந்தாரென்று எவரும் நிறுவவில்லை. ஆயினும் ஈடுசெய்யும் பொறுப்பு அவருடையதே என்று நீதிபதிகள் தீர்த்தனர். இருவரும் குற்றமற்றவர்கள்தாம். ஆனால் நாய்களை வைத்திருக்க முடிவுசெய்தவர் ஒருவர். வெறுமனே வீதியால் நடந்து போனவர் மற்றவர். இழப்பு ஒருவர் தோளில் விழுந்தே தீரவேண்டுமாயின், எவர் தோளில் விழுவது நீதி?

நமது பொதுச் சட்டத்தின் வேரும் உரோமன் டச்சுச் சட்டமே. பிறருடைய கவனக்குறைவினாற் காயப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்ட ஈடு கேட்கலாம். மருந்துச் செலவு, இழந்த கூலி, பட்ட வேதனை யாவும் அதில் அடங்கும். ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். நாய்களைப் பதிவு செய்யவேண்டுமென்ற சட்டமும் 1901 முதல் உண்டு. தம் நாயைப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகரே சொல்லட்டும்.

இனி மனச்சான்றின் பக்கம் வருவோம். தெரிந்தே அசட்டையாயிருந்து பிறருக்குத் தீங்கு வருவித்தவன், நீதிபதி சொல்லாமலே ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். தன்னிடம் குற்றமில்லாதவனோ, நீதியான தீர்ப்பு வந்தபின்னரே மனச்சான்றிற் கட்டுப்படுகிறான். ஒழுக்கவியல் ஆசிரியர்கள் இவ்வாறு பிரித்துக் கூறுவர். பிரிவு சரியானதே. ஆனால் அதன் நிழலில் ஒளிந்துகொள்வது எளிது. "வழக்குப் போடட்டும், பார்க்கலாம்" என்பவர், கடியுண்டவரிடம் வழக்காடப் பணமில்லை என்பதை நன்கு அறிந்தே அப்படிச் சொல்கிறார். அங்கே அவர் நம்பியிருப்பது தமது குற்றமின்மையை அன்று, அயலவரின் வறுமையை. முதலிற் குற்றமற்றவராய் இருந்தவர், அந்த ஒரு சொல்லாற் குற்றவாளியாகிறார்.

உரியவர் இல்லாத தெருநாய் கடித்தால்? இந்தியாவில் பஞ்சாப், ஹரியானா மேல்நீதிமன்றம் 2023இல் அரசே முதலில் ஈடு கொடுக்கவேண்டுமெனத் தீர்த்து, ஒவ்வொரு பல்லடையாளத்துக்கும் குறைந்தது 10,000 ரூபா என்று கணக்கும் வகுத்தது. ஆனால் தெருநாய் வானத்திலிருந்து விழுவதில்லை. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் இரவோடிரவாக விட்டுச் செல்லும் கைகள் நம்முடையவையே. அக்குட்டி வளர்ந்து கடிக்கும்போது, சட்டத்தின் கண்ணுக்கு உரியவர் தெரிவதில்லை. இறைவனுக்குத் தெரியும்.

கடியுண்டவருக்கும் கடமை உண்டு. கல்லெறிந்து சீண்டியவர் ஈடு கேட்பதும், சிறு கீறலைக் காட்டிப் பெருந்தொகை பறிக்க நினைப்பதும் நீதியாகா. எல்லாவற்றுக்கும் முன்னர், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் 15 நிமிடம் கழுவி, உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. தடுப்பூசி அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அந்த வைத்தியசாலை வரிசையிற் கடியுண்ட பிள்ளையின் தாய் மட்டும் தனியே நிற்கிறாளா, நாய்க்கு உரியவரும் அவளுடன் நிற்கிறாரா? அவர் நிற்பாராயின், பஸ் கூலியும் மருந்துச் செலவும் இழந்த நாட்கூலியும் கேளாமலே கொடுக்கப்படும். நாயின் ஊசிச் சீட்டும் மறைக்கப்படாமற் காட்டப்படும். நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய தேவை அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும். உங்கள் வளவிலும் நாய் உண்டாயின், அந்த வரிசையில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.