கடைமடையிலிருந்து மேற்கே

புன்னக்காயல்

தாமிரபரணியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மலைக்குத்தான் போகிறார்கள். பாபநாசம், அகஸ்தியர் அருவி, காரையார் என்று நீர் நிறைந்த இடங்களே அவர்கள் மனத்தில் ஆறு. சைக்கிளில் போகிறவர்களுக்கும் அதுவே வசதி. மேலே தொடங்கினால் கடல்வரை இறக்கம். நான் கீழிருந்து மேலே போகிறேன். புன்னக்காயலில், ஆறு மன்னார் வளைகுடாவில் சேருமிடத்தில் தொடங்கி, மேற்கே பொதிகை அடிவாரம்வரை. கடைசியாகத் தண்ணீர் கிடைக்கிறவர்களை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் திசை.

விடிந்தும் விடியாத நேரம். பைபர் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வலையை இருபுறமும் பிடித்து உதறுகிறார்கள்; வெள்ளிப்பொடி மீன்கள் சாக்கில் விழுகின்றன. அலையாத்திச் செடிகளின் காலடியில் கருஞ்சேறு. சுமார் 128 கி.மீ. ஓடிவந்த ஆறு இது. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேர்வது. இரண்டு பருவமழையும் வாய்த்தது. ஆனால் மாசி மாதத்தில் இந்த முகத்துவாரத்தில் கிடப்பது பெரும்பாலும் கடல்நீர். விரலை நனைத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. வரும் வழியெல்லாம் எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் இங்கே வந்து சேர்கிறது. அதில் தவறில்லை. எடுத்துக்கொள்ளத்தானே ஆறு. யார், எவ்வளவு, யாரை நினைத்து எடுத்தார்கள் என்பதை மேற்கே போகப் போகத்தான் அறியமுடியும்.

தேரி

ஆற்றோரம் ஏறுவதற்கு முன் ஒரு காலையைத் திருச்செந்தூருக்குத் தெற்கே செலவிடுவது நல்லது. உடன்குடி, காயாமொழி பக்கம் ஆற்றுப் பாசனம் எட்டாத செம்மண் காடு. காற்று அள்ளிக் குவித்த மணல் மேடுகள், முந்திரி, உடைமரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனை. தார்ச்சாலை முடிந்ததும் சக்கரம் புதைகிறது. இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். இந்த மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. சுற்றிலும் இவ்வளவு வறட்சியை வைத்துக்கொண்டு, கண் முன்னே நீர் கசிந்து நிற்பதைப் பார்க்கும்போது கும்பிடத் தோன்றுகிறது.

பதநீர்ப் பருவம் தொடங்கியிருந்தது. பனையிலிருந்து இறங்கிய பெரியவர் இடுப்பிலிருந்த பாளை அரிவாளைக் கழற்றி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை நிழலில் வைத்தார். அரிவாளின் விளிம்பு தாளின் ஓரம் அளவுக்கு மெலிந்திருந்தது. பாளையை ஒவ்வொரு முறையும் எவ்வளவு சீவுவீர்கள் என்று கேட்டேன். கட்டைவிரல் நகத்தின் விளிம்பைக் காட்டினார்.

“மெல்லிசா சீவுனாத்தான் தம்பி நாள்படக் கிடைக்கும். இன்னைக்கே எல்லாத்தையும் வாங்கணும்னு சீவுனா பாளை தீந்துபோவும்.”

பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். ஓலை வாசமும் சுண்ணாம்பின் மெல்லிய காரமும் கலந்த இனிப்பு. உடன்குடிக் கருப்பட்டியின் பெயருக்குப் பின்னால் இப்படி நகமளவு நகமளவாகச் சீவிய காலைகள் இருக்கின்றன.

காற்று

இந்த வட்டாரத்தில் சைக்கிள் எடுப்பவர் தூரத்தைக் கேட்பதற்கு முன் மாதத்தைக் கேட்க வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அந்த வேகம். அந்த மாதங்களில் மேற்கு நோக்கி மிதிப்பவருக்குச் சமதரையும் ஏற்றம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பிறந்து மாசி முடியும்வரை காற்று அடங்கியிருக்கும். காலை வெயில் பொறுக்கும். வயலில் பிசான நெல் முற்றிக்கொண்டிருக்கும்.

காற்றோடு சண்டை போட முடியாது. அது இருக்கும்போது குனிந்து, கியர்ப் பல்லைக் குறைத்து, மெதுவாகப் போக வேண்டும். இல்லாதபோது கிடைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு போக வேண்டும். நான் பழகிய பிரார்த்தனைகளில் இதுவும் ஒன்று.

ஆத்தூர்

கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் மறந்துபோகிறது. வரிசை வரிசையாக அகத்தி. அதன்மேல் படரும் வெற்றிலைக் கொடி. கொடி வளர வளர வாழைநாரால் கட்டிக்கொண்டே போகிறார்கள். கட்டு இறுகினால் தண்டு நசுங்கும், தளர்ந்தால் கொடி சரியும். ஓர் அம்மா வேகமாகக் கிள்ளி, அதே வேகத்தில் அடுக்கி, கவுளி கவுளியாக வாழைச்சருகில் வைத்தார். ஒவ்வோர் இலையின் காம்பும் ஒரே பக்கம் பார்த்திருந்தது.

வெற்றிலைக்கு வேரடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஆற்றின் கடைசிக் கரையில் இவ்வளவு நுட்பமாக நீர் கேட்கும் பயிரை நட்டிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள்மேல் வைத்த நம்பிக்கை அது.

ஸ்ரீவைகுண்டம்

ஆத்தூர், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்று தென்கரையோடு வந்தால் ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கும் முந்தியவை. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து குளங்களுக்குப் போகின்றன.

டீக்கடை பெஞ்சில் ஒருவர் நாளிதழை விரித்து வைத்திருந்தார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் வரும் சிறிய கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. பாபநாசத்தின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த எண்கள் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

“பாவநாசத்துல இன்னைக்கு எத்தன அடின்னு பாத்தியளா?” என்றார் பக்கத்தில் இருந்தவர், என்னையும் அந்த ஊர்க்காரனாக எண்ணி. அந்தக் கேள்வியில் நாலைந்து மாத உழைப்பு இருந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் இன்னும் ஒரு தண்ணீர் வருமா வராதா என்பதை, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் ஒரு மதகு முடிவு செய்கிறது.

குறையும்போது மட்டும் அல்ல, மிகும்போதும் கடைமடைதான் முதலில் தாங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு ஏரலையும் சுற்றுவட்டாரத்தையும் மூழ்கடித்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். பக்கத்து ஊர் மக்கள், தங்கள் வீடுகளே நனைந்திருக்கும்போது, இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். இந்தச் சாலையில் மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சோற்றை நினைத்துக்கொள்கிறேன். ஆற்றின் கடைசியில் இருந்துகொண்டு பங்கு வைத்தவர்கள் அவர்கள்.

ஆதிச்சநல்லூர்

சாலையோரத்தில் கம்பி வேலி. உள்ளே சரளைக்கல் மேடு. 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் இங்கே தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன.

மேட்டின்மேல் நின்று வடக்கே பார்த்தால் ஆறும் வயலும். காலடியில் நீர் ஏறாத கல்தரை. இறந்தவர்களைக் கொண்டுவந்து வைக்க இந்த மேட்டைத்தான் தேர்ந்தார்கள். விளையும் தரையை உயிரோடு இருப்பவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் விட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்து, டயரில் ஏறிய முட்களைத் துணியால் துடைத்து எடுத்தேன். சீமைக்கருவேல முள் உடனே காற்றை இறக்குவதில்லை. ரப்பருக்குள் தங்கி, மிதிக்க மிதிக்க உள்ளே போகும். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் சக்கரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிடுவது என் வழக்கம். அதுவும் ஒரு தியானம்தான். சக்கரம் ஒரு சுற்று முடியும்வரை வேறு எதையும் நினைக்க முடியாது.

மிதியின் கணக்கு

கடலோரத்திலிருந்து திருநெல்வேலிவரை அறுபது கி.மீ. அளவு, தரை உயர்வது 50 மீட்டர் அளவுதான். கண்ணுக்கு எல்லாம் சமதரை. முழங்காலுக்கு மட்டும் விஷயம் தெரியும். மதியத்துக்கு மேல் ஒரு பல் இறக்கத் தோன்றும்; அப்போதுதான் இத்தனை நேரமும் ஏறிக்கொண்டிருந்தோம் என்று உறைக்கும்.

உடம்பில் உள்ள பலமும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான். காலைக் குளிர்ச்சியில் அதைக் கொட்டித் தீர்த்தால் மாலைக்கு மிஞ்சாது. தலைமடைக்காரன் மதகை முழுக்கத் திறந்துகொண்டால் கடைமடை காய்வதுபோலத்தான் அது. நீண்ட சைக்கிள் பயணம் எனக்குக் கற்றுத் தந்தது வேகத்தையோ விடுதலையையோ அல்ல. பின்னால் வரும் மணி நேரத்துக்கு மிச்சம் வைத்துச் செலவிடும் பழக்கத்தைத்தான். அந்தப் பழக்கம் காலில் பிடிபட்ட பிறகு வாய்க்காலைப் பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது.

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றைக் கடக்கும் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அரசிடம் வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டியது. இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். பாலத்தின் மேல் வண்டிகள் நெரிகின்றன. ஓரமாக ஒதுங்கிக் கீழே பார்த்தால், படித்துறையில் துணி அலசும் பெண்களும், சற்றுத் தள்ளிச் சாக்கடை கலக்கும் கரும்பட்டையும் தெரிகின்றன. ஆற்றின் கீழ்ப்பக்கம் இந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால் இந்தக் காட்சி எனக்கு வலிக்கிறது.

பத்தமடை

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம் வழியாகத் தென்கரையிலேயே போனால் பத்தமடை. ஆற்றோரக் கோரையை அறுத்து, காயவைத்து, கிழித்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரை திரும்பக் காய்ந்ததும் மெல்லிய இழையாகப் பிளக்கிறது. பருத்தி நூல் பாவில் அதைக் கோத்து நெய்த பாயைக் கையில் வாங்கினேன். துணிபோல மடிந்தது. நெய்பவர் ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தடிப்பாக இருந்ததை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். தேங்கின தண்ணீரில் ஊறினால் கோரை அழுகிவிடுமாம்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால் சாலைக்குக் கூடவே வருகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்: எட்டுப் பெயர்களையும் மிதியின் தாளத்துக்குச் சொல்லிக்கொண்டு போகலாம். ஒவ்வொன்றும் ஆற்றை முழுக்க மறிக்காமல், கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு மற்றதை மேலே வழிந்து போகவிடும் தாழ்ந்த அணை. கார், பிசானம் என்று இருபோகம் விளைந்தது இந்த அடக்கத்தினால்தான்.

சாலையை அகலப்படுத்தும் இடங்களில் பழைய மரங்கள் இல்லை. நிழல் இருக்கும் இடத்தில் நடப்பவரும் ஆடு ஓட்டுபவரும் சைக்கிள்காரரும் தெரிகிறார்கள். வெட்டிய இடத்தில் வண்டிகள் மட்டும். நிழலும் பங்கு வைக்க வேண்டிய ஒன்று.

பாபநாசம்

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் மலை முழுதாக எதிரே வருகிறது. பாபநாசநாதர் கோயில் படித்துறையில் நீர் குளிர்ந்து வேகமாக ஓடுகிறது. மீன்கள் காலைக் கொத்துகின்றன. இதற்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறைச் சாவடியில் என் சைக்கிள் பயணம் முடிகிறது. முடியத்தான் வேண்டும். சோலைக்காடுகள் பஞ்சுபோல மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஆறு ஓடுகிறது. அங்கே நம் தடம் பதியாமல் இருப்பதே அந்தக் காட்டுக்கு நாம் செய்யும் உதவி.

இந்த வழியில் போக விரும்புகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே வேண்டுகோள். கடலில் தொடங்குங்கள். தேரியில் ஒரு மிடறு பதநீர் குடித்து, கொடிக்காலின் ஈரத்தை மிதித்து, ஸ்ரீவைகுண்டத்தில் அணை மட்டம் பார்க்கிறவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு மேற்கே வாருங்கள். அப்படி வந்து சேர்ந்தவர் இந்தப் படித்துறையில் ஒரு சோப்பு உறையைக்கூட ஆற்றில் விடமாட்டார். அணை நிரம்பியது என்று செய்தி படித்தால், கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கத் தொடங்கினால் இந்த ஆறு பிழைக்கும்.