நல்ல காரியத்துக்குப் பொய்ப் படம் ஒட்டலாமா?



இம்மாதம் 10-ந் தேதி மனித உரிமை நாள். 1948-ம் வருஷம் அதே தேதியில்தான் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதையொட்டி நம் வாலிபர் சங்கத்தார், சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்கும் கொடுமையைக் கண்டித்து ஒரு சுவரொட்டி தயாரித்து, கோயில் வாசலில் ஒட்ட அனுமதி கேட்டு வந்தார்கள். கழுத்தளவு கழிவில் நிற்கும் ஒரு மனிதனின் படம். அதன் கீழே "இது நம் ஊரில் நடக்கிறது" என்று ஒரு வரி. பார்த்தவுடன் நெஞ்சு பதறிற்று. "தம்பி, இது எந்தத் தெரு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நம்ம ஊர் இல்லை சாமி, போனில் வந்த படம். ஆனால் நம்ம ஊரிலும் இப்படித்தானே செய்கிறார்கள்?" என்றான் ஒருவன்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அக்கிரமம் மெய், படம் மாத்திரமே பொய். அதனால் ஓர் உயிர் பிழைக்குமானால் குற்றமென்ன? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் வரிசையில் நிற்கும் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறாரே என்று நீங்களும் கேட்கலாம். கேள்வி புதிதல்ல. மறைந்து திரிந்த பதிதரைப் பிடிக்க நாமும் அவர்களைச் சேர்ந்தவர்போல் பொய் சொல்லலாமா என்று கொன்சென்சியுஸ் என்பவர் கேட்க, அர்ச். அகுஸ்தீன் 420-ம் வருஷ வாக்கில் ஒரு நூலே எழுதி, கூடாது என்று தீர்த்துச் சொன்னார். நானோ வள்ளுவர் வைத்த நிபந்தனையையே பிடித்துக்கொள்கிறேன். அந்த நன்மை குற்றமற்றதாய் இருக்குமென்று, ஒரு படத்தைக் கைமாற்றும்போது நமக்கு எப்படித் தெரியும்?

2018-ம் வருஷம் மே மாதம் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக் கிடந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. கராச்சியில் பிள்ளைகளைக் காக்கவென்று எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படமும், அதன் முடிவு வெட்டப்பட்டு, மெய்யான கடத்தலாக அவ்வருஷம் நம் தேசத்தில் சுற்றிற்று. இவற்றை அனுப்பினவர்கள் கொலைகாரர்களா? பெரும்பாலும் தாய் தகப்பன்மார். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தார்கள். நல்ல எண்ணம் அவர்களிடமும் இருந்தது.

பாப்பரசர் 23-ம் அருளப்பர், 1963-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி வெளியிட்ட சமாதான நிருபத்தில் மனித உரிமைகளை வரிசையாய் எடுத்துக் கூறுகையில், பொது நிகழ்ச்சிகளைப் பற்றி மெய்யான செய்தி அறிவதையும் ஓர் உரிமையாகச் சேர்த்திருக்கிறார். அப்படியானால், துப்புரவுத் தொழிலாளியின் உரிமைக்காகப் பொய்ப் படம் ஒட்டுகிறவன் தெருவில் போகிறவனின் உரிமையைப் பறிக்கிறான். அந்தத் தொழிலாளிக்கும் அவன் கேடே செய்கிறான். படம் பொய்யென்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், நாளைக்கு நம் தெருவிலேயே ஒருவன் மூச்சடைத்துக் கிடந்தாலும் "இதுவும் போனில் வந்ததுதானே" என்பார்கள்.

ஆகவே, வாலிபருக்கு வீரம் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. 2018-ல் கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியை அடையாளம் காண வகுப்பே நடத்திற்று. நாமும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அப்படித் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தமக்கு வந்த ஒரு செய்தியைக் கொண்டுவரவேண்டும். எடுத்தவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி, வெட்டப்பட்ட பகுதி உண்டா என்று விசாரிக்கிறோம். முதல் வாரம் அகப்பட்டவன் நானே. காணாமற்போன குழந்தையென்று நான் அவசரமாய் எழுபது பேருக்கு அனுப்பிய படத்தை ஒரு சிறுமி கொண்டுவந்து, அந்தக் குழந்தை வீடு சேர்ந்து இரண்டு வருஷமாயிற்று என்று காட்டினாள்! எட்டாம் கற்பனையைப் பிரசங்கித்த வாய் அன்று மூடிக்கொண்டது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை "அப்பா, இது எங்கிருந்து வந்தது?" என்று வீட்டில் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று அதட்டாதிருங்கள்.

சுவரொட்டிப் பையன்களிடம், சட்டத்தைப் படித்துவிட்டு வரச் சொன்னேன். கையால் மலம் அள்ளும் வேலையில் மனிதரை அமர்த்துவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கிற்று. இவ்வளவும் தெரிந்தபின் அவர்கள் நாலு தெருக்களில் நடந்து, வேலை செய்கிறவர்களிடமே பேசி, தேதியும் இடமும் குறித்துக்கொண்டார்கள். ஒரு தொழிலாளி, தன் படத்தை எடுக்கவேண்டாம், தன் மகள் பள்ளியில் படிக்கிறாள் என்றாராம். போனில் வந்த படத்திலிருந்த மனிதனுக்கும் ஒரு மகள் இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றிற்று என்று ஒருவன் என்னிடம் சொன்னான்.

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதினார்கள். அடைப்பு எடுக்க எத்தனை இயந்திரங்கள் உண்டு, குத்தகை யாருக்கு, பாதுகாப்புக் கருவிகள் எத்தனை வாங்கப்பட்டன என்று மூன்றே கேள்விகள். பதிலுக்குச் சட்டம் முப்பது நாள் கெடு வைத்திருக்கிறது. ஆதலால் 10-ந் தேதி நம் கோயில் வாசல் சுவர் வெறுமையாகவே இருந்தது. பதில் எப்படி வந்தாலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அங்கே ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.