எதுக்கும் இருக்கட்டும்

"வீடு மாத்துறீங்களா சார்?"

கேட்டவர் நாமக்கல் லாரி டிரைவர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு அப்பால், வண்டியை ஓரம்கட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஆல்டோவைச் சுற்றிச் சாலையோர மண்ணில் குக்கர், கூடாரப் பை, நான்கு தலையணை, இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு மடக்கு மேஜை, மருந்து டப்பா, மகளின் சதுரங்கப் பலகை என்று குடித்தனமே இறங்கியிருந்தது. இடது பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருப்பது டிக்கியின் தரைக்கு அடியில். தரைக்கு மேலே, கண்ணாடி மறையும் அளவுக்கு எங்கள் சாமான்.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருப் பெயர். 1904 வாக்கில் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், மோட்டார் காருக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த நாட்டுக்காரர்களே அநேகமாக மறந்துவிட்ட அந்தப் பெயரை நம்மூர் பஞ்சர் கடைக்காரர்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று முதன்முதலில் காரில் ஏறிய சாமான் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், மாடிக்கு ஏற்றுகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஒன்பதுகூட வராது. அதற்குள் ஐந்து பேரின் மூன்று நாள். பொங்கல் விடுமுறைக்கு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவு செய்தவன் நான். கூடாரத்தை வாங்கியபோது அது இவ்வளவு இடம் பிடிக்கும் என்று தோன்றவில்லை. கடையில் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், முந்தின நாள் இரவு இரண்டு மணி நேரம் அடுக்கினோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது: கனமானது கீழே, பின்சீட்டை ஒட்டி, பெட்டி வேண்டாம், அமுங்குகிற துணிப்பை போதும், பின்கண்ணாடித் தட்டில் எதையும் வைக்காதே, பிரேக் போட்டால் தண்ணீர் பாட்டில்கூடப் பின்மண்டையைப் பதம் பார்க்கும். அம்மா எதையும் படிக்கவில்லை. குக்கருக்குள் சின்னப் பாத்திரம், அதற்குள் அரிசி, அரிசியில் புதைத்த டம்ளர், டம்ளருக்குள் கடுகும் மிளகாயும் கட்டிய பொட்டலம். வெற்றிடம் என்ற ஒன்றை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை. சுருட்டினால் ஆறடிக் கம்பாக நிற்கும் கோரைப்பாயை ஒதுக்கிவிட்டு, பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் பின்சீட்டில் போட்டவரும் அவர்தான். பகலில் மெத்தை, ராத்திரியில் படுக்கை.

ஐந்து கிலோ சிலிண்டரை எடுத்துப் போகலாம் என்று நான் சொன்னதை என் மனைவி ஒரே வாக்கியத்தில் தள்ளினாள். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் காலடியில் தேங்கும், ஏசி போட்டு மூடிய காரில் அது நமக்கு வேண்டாம். அங்கேயே விறகு கிடைக்கும் என்று முகாம்காரர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாதது கட்டைப்பை. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எப்போதோ தந்தது, கைப்பிடி கறுத்துப்போனது. உள்ளே மெழுகுவத்தி, ஆறு தீப்பெட்டி, நைலான் கயிறு, ஒரு பழைய நூல் புடவை, அவல், ஊறுகாய், பிளாஸ்டிக் உறைக்குள் எல்லோருடைய ஆதார் நகலும் ரேஷன் கார்டு நகலும்.

"மலைக்குப் போறோம்மா, பாகிஸ்தானுக்கா போறோம்? ரேஷன் கார்டு எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்டா."

இரவில் ஓசைப்படாமல் அதை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அம்மாவின் காலடியில் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது பள்ளிகொண்டாவில், மண் ஒட்டாமலிருக்க அந்த நூல் புடவையை விரித்து அதன்மேல்தான் எல்லாச் சாமானும் கிடந்தது. ஜாக்கி போட்டு நிமிர்ந்தபோது, வரிசையாகப் பார்த்தேன். எது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மருந்து டப்பா மனைவியுடையது. பையனுக்கு இரண்டு வயதில் ஒருமுறை ஜுரத்தில் வலிப்பு வந்தது, அன்று ஆட்டோ கிடைக்கவில்லை. சதுரங்கப் பலகை மகளுடையது, போன் இல்லாத சாயங்காலத்தை நினைத்து. இரண்டு டார்ச், மடக்கு மேஜை, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பல உபயோகக் கத்தி எல்லாம் என்னுடையவை. குடும்பத்தைக் காட்டுக்கு அழைத்துப்போகத் தெரிந்தவன் என்று தெரிய வேண்டும் எனக்கு. ஐந்து பேரின் பயங்களில் அதிக லிட்டர் பிடித்தது என்னுடையதுதான்.

அம்மாவின் பைக்குத் தேதியே உண்டு. 2015 டிசம்பர் 1. அப்போது கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். அன்று ராத்திரி அடையாறு தெருவுக்குள் வந்தது. மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட, மாடியில் மூன்று நாள். கரண்ட் இல்லை, பால் இல்லை, ஒரு மெழுகுவத்தியை இரண்டாக வெட்டி எரித்தோம். கீழே இறங்கியபோது ரேஷன் கார்டு கூழாகியிருந்தது. நான் அந்த நாட்களைக் கதையாகச் சொல்லிச் சொல்லித் தீர்த்துவிட்டேன். அம்மா சொல்லவில்லை, பையில் போட்டு வைத்திருக்கிறார். முந்தின இரவு நான் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது கட்டைப்பையை என்றுதான் நினைத்திருந்தேன்.

டிரைவர் வந்து சக்கரத்தைக் கழற்ற உதவினார். அவருடைய சமையல் கட்டு முழுவதும் லாரியின் அடிப்பக்கம் தொங்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது: ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு டேக்சா, ஒரு கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள். "வழியெல்லாம் கடை இருக்கு சார், எதுக்குச் சுமக்கணும்?" என்றார். அவருக்கு அந்தச் சாலை நம் சமையலறை மாதிரி, எது எங்கே என்று தெரியும். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "டயர் மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா வெச்சிருக்கேன்" என்றார். ஒரு தடவை சித்தூர் பக்கம் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறாராம்.

பிரித்த சாமான் திரும்ப அதே இடத்தில் அடங்காது. ஏன் என்று யாராவது இயற்பியல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். தலையணைகள் பிள்ளைகளின் மடிக்கு வந்தன. மேஜையை ஆம்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, "வெயிட் தாங்குமா?" என்று சந்தேகப்பட்டார்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், மகள் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். கூடாரத்தில் தூங்கினோம். குளிர்ந்தது. பையன் ஒருமுறை தும்மினான், மருந்து டப்பா பெருமையோடு திறந்தது. கத்தியை யாரும் தேடவில்லை.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தபோது, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அம்மா சிரிக்கவில்லை. செய்தியைக் குறைத்துவிட்டு, "டிக்கியில என் பை இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. ஸ்டெப்னிக்கு மேலே இல்லை, ஓரமாக.