மூன்று மில்லிமீட்டர்

எம்ஆர்ஐ அறையில் முதலில் சொல்வது, "அசையாமப் படுத்திருங்க" என்பதுதான். கிட்டத்தட்ட அரை மணி நேரம் முட்டி ஆடாமல் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். ஆனால் பிசியோதெரபிஸ்டான என்னிடம் வருகிறவர்கள் கேட்பது, ஓடும்போதும் திரும்பும்போதும் அந்த முட்டி பிடித்து நிற்குமா என்று. அசைவைப் பற்றிய கேள்விக்கு அசையாத படத்தில் பதில் தேடுகிறோம். ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்தையும் இந்த நினைப்போடுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

*

முன் குறுக்கு ஜவ்வு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம்தான். தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழில், உட்சுவரிலிருந்து கிளம்பிச் சரிந்து இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் முன்பக்கமாகப் பதிகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பார்த்துக்கொள்வது அதன் முதல் வேலை. அந்த எலும்பு உள்பக்கமாக அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது அறுந்தால், பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியாக இழுத்துக் கட்டுகிறார்கள்.

அப்படிக் கட்டிய அன்று அந்த மாற்று ஜவ்வுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. உள்ளே இருக்கும் செல்களில் பெரும்பகுதி இறந்துபோகும். பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து புது ரத்தக் குழாய்கள் நுழையும், புதுச் செல்கள் குடியேறும், நார்கள் மெல்ல மெல்ல வேறு ஒழுங்குக்கு வரும். எம்ஆர்ஐயில் நல்ல ஜவ்வு கறுப்பாகத் தெரியும். இந்த மாற்றம் நடக்கிற மாதங்களில் அது சாம்பல் பூத்துக் கிடக்கும். திரும்பக் கறுக்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். ஆறாவது மாதப் படத்தைப் பார்த்து, மறுபடி கிழிந்துவிட்டதோ என்று பதறி வருகிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்கிறேன். அந்தச் சாம்பல் பெரும்பாலும் உயிர் ஏறுவதன் அடையாளம். எனக்கு அந்த நிறத்தின் மேல் தனி மரியாதையே உண்டு.

*

கல்லூரி அணியில் கபடி ஆடும் பெண். ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ரிப்போர்ட்டை நீட்டினாள். மாற்று ஜவ்வு முழுதாக இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"எல்லாம் நல்லாருக்குன்னுதான்க்கா போட்டிருக்கு. நேரா ஓடினா ஒண்ணுமில்ல. படார்னு திரும்புனா மட்டும் முட்டி விட்டுடுது."

"வலிக்குதா?"

"வலி இல்லக்கா. என் காலு மாதிரியே இல்ல."

ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. முளையில் கட்டிய கயிறு அறுபடாமல்தான் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது ஒன்று. மாடு எவ்வளவு தூரம் போய் மேய்கிறது என்பது வேறு. முழுதாக இருக்கும் ஜவ்வு தளர்ந்தும் இருக்கலாம், தப்பான சாய்வில் கட்டியும் இருக்கலாம். படுத்த நிலையில், பாரம் ஏதும் இல்லாமல் எடுத்த படத்தை வைத்து முட்டி உறுதியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

*

அவளைப் படுக்கச் சொல்லி, முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலுக்கு மேலே பற்றி முன்னால் இழுத்தேன். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்மன் சொல்லிக்கொடுத்த சோதனை இது. அவருடைய மாணவர் ஜோசப் டார்க் 1976ல் எழுதி வெளியிட்டார். எலும்பு எவ்வளவு முன்னால் வருகிறது என்பதோடு எப்படி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல ஜவ்வு டக்கென்று நிறுத்தும். அறுந்ததென்றால் அந்த நிறுத்தமே கைக்குக் கிடைக்காது, வெண்ணெயில் கை போன மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது, வெறுமனே போய்க்கொண்டே இருக்கும். அவளுக்கு டக்கென்று நின்றது. அடுத்த காலையும் இழுத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு காலைத் திருகி மடக்கும் சோதனைக்குப் போனேன். டொரன்டோவில் மெக்கின்டாஷும் கால்வேயும் 1972ல் விவரித்த முறை. பாதியிலேயே அவள் தொடை இறுகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தளர்த்திக்கொள்ள அவள் முயன்றாள். ஆனால் உடம்பு விடவில்லை. விழித்திருக்கும் மனிதரிடம் இந்தச் சோதனை பல நேரம் இப்படித்தான் முடியும். மயக்கத்தில்தான் அது வெளிப்படையாகப் பேசும்.

*

முட்டியைத் தொந்தரவு செய்துகொண்டே படம் எடுக்கிற முறைகள் இருக்கின்றன. என் மனம் போவது அந்தப் பக்கம்தான்.

டெலோஸ் என்ற கருவியில் காலைப் பொருத்தி, பின்னாலிருந்து 15 கிலோ விசையில் தள்ளியபடி பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பார்கள். கீழ்க்கால் எலும்பு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்பதை அந்தப் படத்தில் அளக்கலாம். போர்ச்சுகலின் போர்ட்டோவில், உலோகமே இல்லாத ஒரு கருவியைச் செய்து எம்ஆர்ஐ குழாய்க்குள்ளேயே வைத்து முட்டியைத் தள்ளியும் திருப்பியும் பார்க்கிறார்கள். ஜவ்வின் தோற்றமும் நகர்வின் அளவும் ஒரே படத்தில் கிடைக்கின்றன.

பிரான்சின் லியோன் நகரத்து முறைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். தள்ளுவதற்குக் கருவி கிடையாது. அவருடைய சொந்த எடையே தள்ளுகிறது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகக் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும், அந்தச் சரிவு ஆளுக்கு ஆள் மாறும். அங்குள்ள டெஜூரும் பொன்னானும் 1994ல் வெளியிட்ட ஆய்வில், சரிவு 10 டிகிரி கூடினால் ஒற்றைக் காலில் நிற்கும்போது எலும்பு 6 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் போகிறது என்று கண்டார்கள். ஜவ்வு நன்றாக இருந்த முட்டியிலும் அப்படித்தான். பிறவியிலேயே செங்குத்தான சரிவு உள்ள ஒருவருக்கு, வெறுமனே நிற்பதுகூட மாற்று ஜவ்வுக்குப் பாரம். எவ்வளவு கவனமாக ஆபரேஷன் செய்தாலும் சிலருக்கு மட்டும் ஏன் தளர்கிறது என்று கேட்கும் குடும்பங்களிடம், "நீ ஒழுங்கா பயிற்சி செய்யல" என்று பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்தக் கோணத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

*

எக்ஸ்ரே பிறப்பதற்கு 16 வருடம் முன்பே, 1879ல், பாரிஸில் பால் செகோன் என்ற மருத்துவர் சடலங்களின் முட்டியைத் திருகிப் பார்த்து, கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் சின்னத் துண்டு பெயர்வதைக் குறித்துவைத்தார். இன்று எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு தெரிந்தால், முன் குறுக்கு ஜவ்வு போய்விட்டது என்றே அநேகமாகச் சொல்லிவிடலாம். ரான்ட்கன் கதிரைக் கண்ட 1895லேயே, இங்கிலாந்தின் லீட்ஸில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த குறுக்கு ஜவ்வுகளைத் தைத்தார். அவர் நம்பியது கையையும், பிறகு அந்த மனிதரின் நடையையும்தான்.

*

சுவீடனின் லுண்டில் கோரன் செல்விக் 1974ல் ஒரு முறையை முன்வைத்தார். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டான்டலம் குண்டுகளை எலும்புக்குள் பதித்துவிட்டு, இரண்டு கோணத்திலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பது. ஒவ்வொரு எலும்பிலும் குறைந்தது மூன்று குண்டு இருந்தால், அந்த எலும்பு எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கணக்கிடலாம்.

அதே யோசனையை ஓடுகிற காலுக்குக் கொண்டுபோனவர் டெட்ராய்ட்டின் ஸ்காட் டாஷ்மன். ஆபரேஷன் செய்தவர்களை இறக்கமான டிரெட்மில்லில் ஓடவிட்டு, நொடிக்கு 250 படம் எடுத்தார். முடிவுகள் 2004ல் வெளியாயின. முன்பின் நகர்வில் ஆபரேஷன் செய்த முட்டிக்கும் நல்ல முட்டிக்கும் வித்தியாசம் இல்லை. கட்டிய ஜவ்வு தன் முதல் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் பாதம் தரையில் ஊன்றும் நேரத்தில் கீழ்க்கால் எலும்பு வெளிப்பக்கமாகச் சராசரி 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருந்தது. பார்த்தது ஆறு பேரைத்தான். ஆனாலும் படித்தபோது, என்னிடம் வந்து "என் காலு மாதிரியே இல்ல" என்று சொன்னவர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். படுக்க வைத்துச் செய்யும் எந்தச் சோதனையிலும் அந்த 4 டிகிரி சிக்காது.

*

இத்தனை முறைகளிலும் பொதுவாக இருக்கும் ஒன்று, அடுத்த முட்டி. ஒருவருக்கு 5 மில்லிமீட்டர் நகர்வு இயல்பாக இருக்கலாம், இன்னொருவருக்கு அது கோளாறு. அதனால் ஒரு காலின் எண்ணை மட்டும் வைத்துப் பேசுவதில்லை. இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்பது பழகிப்போன அளவு. செலவைக் குறைக்கப் பலர் ஒரு முட்டியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சிரமம் புரிகிறது. ஆனாலும், விசை கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே என்றால் இரண்டு முட்டிக்கும் எழுதிக் கேட்கிறேன்.

அந்த 3 மில்லிமீட்டரும் ஆளின் தைரியத்தை அளப்பதில்லை. எண்ணில் தளர்வு அதிகமாக இருந்தும், ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறவர்கள் உண்டு. மனித ஜவ்வுக்குள் அசைவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 1984ல் கண்டுபிடித்தார்கள். அறுந்த ஜவ்வோடு அவையும் போகின்றன. அந்த இழப்பைத் தொடையின் தசைகள் எவ்வளவு சீக்கிரம் ஈடுகட்டக் கற்றுக்கொள்கின்றன என்பதை எந்தப் படமும் காட்டாது. காலமும் வேண்டும். டெலாவேரிலும் ஆஸ்லோவிலும் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், 9 மாதம் வரைக்கும், மறுகாயம் பாதியாகக் குறைந்தது.

*

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த அவளுடைய பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முன்பக்கப் படத்தில் துளைகள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. தொடை எலும்பில் துளை உச்சியை ஒட்டி இருப்பதுபோல் பட்டது. ஜவ்வு சரிந்து இறங்காமல் நெட்டுக்குத்தாக நின்றால், முன்னால் நழுவுவதைத் தடுக்கும், திருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. கைக்குக் கிடைத்ததும் அவள் சொன்னதும் அதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும் நிழலை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. சர்ஜனுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"எம்ஆர்ஐயில் ஜவ்வு முழுதாக உள்ளது. லாக்மன் சோதனையில் இரண்டு முட்டியும் சமம். திரும்பும்போது முட்டி விலகுவதாகச் சொல்கிறார். தொடை இறுகுவதால் திருகுச் சோதனையை முடிக்க இயலவில்லை. தொடை எலும்புத் துளையின் இடத்தை முப்பரிமாண சிடி ஸ்கேனில் பார்க்க வேண்டுகிறேன். தேவை என்று தோன்றினால் மயக்கத்தில் திருகுச் சோதனையும். அதுவரை நேராக ஓடும் பயிற்சியும் தொடைத் தசைப் பயிற்சியும் மட்டும் தருகிறேன். திருப்பங்களையும் கபடி ரைடையும் நிறுத்திவைத்திருக்கிறேன்."