பகையெனும் செக்கு

(க்ஷமாவாணித் திருநாளில் காங்கேயத்தில் ஆற்றிய அறவுரை)



தசலக்ஷண நோன்பின் முதல் அறம் உத்தம க்ஷமை. இன்று ஒருவரையொருவர் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் பொறுப்பவை பெரும்பாலும் சிறு பிழைகள். பொறுக்கவே இயலாத கொடுமை நேர்ந்தால் என் செய்வது?

ஏவா மோசஸ் கோர் என்னும் யூதப் பெண்மணியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். ருமேனியாவில் பிறந்தவர். 1944ஆம் ஆண்டு, தம் பத்தாம் வயதில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெற்றோரையும் மூத்த சகோதரியர் இருவரையும் இழந்தார். இவரும் மிரியமும் இரட்டையர். ஆதலின் மெங்கலே என்னும் மருத்துவன் இருவரையும் சோதனைப் பொருள்களாக்கினான். ஊசி மருந்தால் கடுங்காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, தாம் இறந்தால் மிரியமையும் கொன்றுவிடுவர் என்னும் எண்ணமே இவரைப் பிழைக்க வைத்தது. 1945 ஜனவரி 27 அன்று முகாம் மீட்கப்பட்டது.

பிற்காலத்தில் சிறுநீரகம் பழுதுற்ற மிரியமுக்குத் தம்முடையதொன்றை ஈந்தார். எனினும் 1993இல் மிரியம் மறைந்தார். 1995இல், மீட்பின் ஐம்பதாம் ஆண்டில், அதே முகாமில் நின்று, தம் பெயரால் மட்டும் நாஜிகளை மன்னிப்பதாக ஏவா அறிவித்தார். உயிர் பிழைத்த பலர் வெகுண்டனர். இத்துணைக் கொடுமையை மன்னிக்கலாமா? மாண்டவர்க்கு நீதி என்னாவது? முறையான வினாக்களே.

ஒருவர் வினையை மற்றொருவர் கழிக்க இயலாது என்பது நம் அறம். ஏவாவின் பொறை கொலைஞரின் வினையில் அணுவளவும் குறைக்கவில்லை. அவர் அவிழ்த்தது தம் நெஞ்சின் கட்டையே. குரோதம் முதலிய கஷாயங்களே வினை நிலைக்கும் காலத்தையும் அதன் கடுமையையும் வளர்க்கின்றன. கமடனின் பகை மருபூதியைப் பிறவிதோறும் தொடர்ந்து, அவர் பார்சுவநாதராகத் தவம் இயற்றியபோதும் இடையூறு செய்ததன்றோ! நம் ஊர்ச் செக்கில் பூட்டிய காளை நாள் முழுதும் நடந்தும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. பகை சுமப்பவனும் அத்தகையவனே.

ஆயின் பொறுத்தல் என்பது மறத்தல் அன்று. 2015இல், அம்முகாமில் பணியாற்றிய ஒருவன்மீது ஜெர்மனியில் நடந்த வழக்கில் ஏவா சாட்சி கூறினார். அவன் கையையும் பற்றினார்.

நாமோ மறந்தே போனோம். 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தபோது, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மடிந்தனர். காஞ்சனபுரியில் நேச நாட்டு வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. 'அவரவர் முன்வினை' என்று சொல்லி நகர்வது அருகன் அறமன்று. துன்புறுத்தியவன் செய்தது ஹிம்சை. கேட்டும் இரங்காமை நம் குற்றம்.

இல்லம் சென்றதும், வரப்புத் தகராற்றாலோ பாகப்பிரிவினையாலோ பேசாதிருக்கும் உடன்பிறந்தார் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உண்மையை மறைக்க வேண்டா. பகையை மட்டும் இறக்கி வையுங்கள்.

அறம் வெல்க!