கல்லை நம்பிய நகரம்

மாட்ரிட்டில் அதிவேக ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் தொலேடோ. காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய ஊர். மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்திருக்கும் அந்தக் குன்றின் மேல், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரே நுழைவுப் பட்டையைக் காட்டி, பழைய மசூதி ஒன்றுக்குள்ளும் பழைய யூத ஜெபாலயம் ஒன்றுக்குள்ளும் சில தேவாலயங்களுக்குள்ளும் போய்வரலாம். ‘மூன்று பண்பாடுகளின் நகரம்’ என்பது அந்த ஊருக்குச் சூட்டப்பட்ட பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு வாதம் இருக்கிறது: கட்டடங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, ஒன்றின் வளைவு மற்றதன் சுவரில் தெரிகிறது, ஆகவே அவற்றைக் கட்டியவர்களும் அப்படித்தான் கூடி வாழ்ந்திருப்பார்கள். இந்த ‘ஆகவே’யைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும். பிற மதத்தின் அழகில் மனம் தோய்வது, அந்த மதத்து மனிதரை ஏற்பதற்கு முதல் படியா? நல்ல மனிதர்கள் பலர் அப்படி நம்புகிறார்கள். தொலேடோவின் சுவர்களையும் அந்த ஊரின் ஆவணங்களையும் ஒன்றாக வைத்துப் படித்தால், அந்த நம்பிக்கை நிற்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டடங்கள் சொல்வதை முதலில் முழுதாகக் கேட்போம், ஏனென்றால் அவை சொல்வது பொய் இல்லை. கிறிஸ்தோ தே லா லூஸ் என்று இன்று அழைக்கப்படுவது 999ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சிறு மசூதி. அதன் முகப்பில் செங்கல்லைக் கொண்டே எழுதிய அரபு எழுத்துகள், கட்டுவித்தவர் அகமது இப்னு ஹதீதி என்றும் கட்டியவர் மூசா இப்னு அலி என்றும் சொல்கின்றன. உள்ளே நான்கு தூண்கள், அவற்றின் மேல் ஒன்பது கவிகைகள். ஒன்பதிலும் விலா வளைவுகள் ஒன்பது விதமாகப் பின்னிச் செல்கின்றன. தூண்களின் தலைப்பகுதிகள் அதற்கும் முந்தைய விசிகோத்தியர் காலத்தவை, வேறெங்கிருந்தோ எடுத்து வந்து பொருத்தியவை. 1085இல் கிறிஸ்தவ அரசன் ஆறாம் அல்போன்சோ நகரைப் பிடித்து ஒரு நூற்றாண்டு கழித்து, கிறிஸ்தவ வீரத்துறவியர் சபை ஒன்றின் கைக்கு வந்த அந்த மசூதியில், பலிபீடத்துக்காகப் பின்புறம் ஓர் அரைவட்டப் பகுதியைக் கூட்டினார்கள். அதையும் அதே செங்கல்லில், அதே குருட்டு வளைவுகளோடு கட்டினார்கள். எல் திரான்சித்தோ இன்னும் வியப்பானது. காஸ்டில் அரசன் பேதுருவின் பொருளாளர் சாமுவேல் ஹா-லேவி 1350களில் கட்டிய ஜெபாலயம் அது. சுவரின் உச்சியில் எபிரேய எழுத்தில் திருப்பாடல்கள் ஓடுகின்றன, சுதை வேலைப்பாட்டின் கொடிகளுக்கிடையே அரபு வாசகங்கள் வருகின்றன, நடுவே காஸ்டில், லெயோன் அரசுகளின் கோட்டையும் சிங்கமும் பொறித்த சின்னங்கள். யூதரின் வேதம், முஸ்லிம்களின் எழுத்து, கிறிஸ்தவ அரசின் முத்திரை மூன்றும் ஒரே சுதைப் பரப்பில் சண்டையின்றி இருக்கின்றன.

அந்தச் சுவருக்கு உரியவரின் முடிவு வேறு. 1360இல் அதே பேதுரு அவரைச் சிறைப்பிடித்தான். சொத்துகள் பறிபோயின, செவில்லில் சித்திரவதையில் அவர் இறந்தார். இந்தப் பேதுரு அழகு தெரியாத முரடன் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெபாலயத்தைக் கட்ட விட்டவன் அவன். அதே செவில்லில் 1360களில் முஸ்லிம் கைவினைஞர்களின் பாணியில் தனக்கு ஓர் அரண்மனை எழுப்பி, தன்னைச் சுல்தான் என்று அரபியில் போற்றும் வாசகங்களை அதன் சுவரில் பொறிக்க வைத்தவன். ரசனையில் அவனுக்கு மத எல்லையே இருக்கவில்லை. அந்த ரசனை, யூதப் பொருளாளர் ஒருவரின் உடலைக் காக்க ஒரு விரலும் அசைக்கவில்லை.

ஓர் அரசனின் குணக்கோளாறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் நிதானமும் கல்வியும் உள்ளவர்களிடமும் இதையேதான் காண்கிறோம். தொலேடோவின் பேராயர் ஹிமேனெஸ் தே ராதா 1212இல் முஸ்லிம் படையை எதிர்த்து நடந்த லாஸ் நாவாஸ் தே தொலோசா போர்க்களத்துக்கு நேரில் சென்றவர். அரபு மூலங்களைக் கொண்டு அரபியரின் வரலாற்றையே எழுதிய அறிஞர். தலைமை மசூதியாக இருந்து பேராலயமாகப் பயன்பட்டு வந்த கட்டடத்தை இடித்து, 1220களில் இன்றைய கோதிக் பேராலயத்தைத் தொடங்கியவரும் அவரே. அதன் கருவறையைச் சுற்றியுள்ள மேல்வரிசையில் அந்தலூசியப் பாணியில் பல இதழ் வளைவுகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. 1247இல் அவர் இறந்தபோது உடுத்தி அடக்கம் செய்த ஆடைகளில் முஸ்லிம் நெசவாளர்களின் பட்டு இருந்தது. களத்தில் எதிர்த்து நின்றவர்களின் தறியில் நெய்ததைப் போர்த்திக்கொண்டு கடவுளின் முன் போக அவருக்குத் தயக்கம் இல்லை. காஸ்டில் அரசன் பத்தாம் அல்போன்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். யூத வானியலாளர்களை அமர்த்தி, அவன் பெயரால் இன்றும் அறியப்படும் வானியல் அட்டவணைகளைத் தொகுக்கச் செய்தவன், அறிஞன் என்றே பட்டம் பெற்றவன். அவனுடைய சட்டத்தொகுப்பான சியெத்தே பார்த்திதாஸ், யூதர்கள் அடையாளம் தெரியும்படி தலையில் ஒரு குறி அணிய வேண்டும் என்று விதிக்கிறது. அறிவை வாங்கிக்கொள்ளவும் அறிந்தவரைத் தள்ளி நிறுத்தவும் ஒரே அரசவையால் முடிந்தது.

ஏன் இப்படி? அழகு நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். குதிரைலாட வளைவை ரசிக்க நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அது வாக்குரிமை கேட்காது, பதவிக்குப் போட்டியிடாது, என் மகளின் திருமணப் பேச்சில் குறுக்கே வராது, என்னோடு வாதாடாது. அதைச் செய்தவரிடமிருந்து அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பிரித்தாலும் அதன் அழகு குறையாது. மனிதர் அப்படியில்லை. அவருக்கு நினைவும் கோரிக்கையும் உண்டு, அவரை ஏற்பதென்றால் நம் பங்கில் ஒரு பகுதியைத் தர வேண்டும். தொலேடோவில் இந்த வேறுபாடு மிகக் கொடுமையாகத் தெரிந்த ஆண்டு 1449. அரசுக்காகப் பத்து லட்சம் மரவேதி கடனாகக் கேட்கப்பட்டது. அதைத் திரட்டியவர்களில் யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் இருந்தார்கள். வரிக்கோபம் இனக்கோபமாக மாறியது. பேரோ சர்மியெந்தோ என்பவரின் தலைமையில் நகரம் ஒரு தீர்ப்புச் சட்டம் இயற்றியது: யூத வழிவந்த கிறிஸ்தவர்கள் யாரும் தொலேடோவில் பொதுப் பதவி வகிக்கக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது. ஸ்பெயினை அடுத்த பல தலைமுறைகள் ஆட்டிவைத்த ‘இரத்தத் தூய்மை’ விதிகளுக்கு அதுதான் முன்மாதிரி.

அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்கோணத் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் தலையில் பைன் காய்கள் செதுக்கிய, சுண்ணம் பூசிய வெண்மையில் இன்றும் மூச்சை நிறுத்தும் பெரிய ஜெபாலயம் ஒன்று, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டுத் தேவாலயமானது. சாந்தா மரியா லா பிளாங்கா, வெண்ணிற மரியாள், என்று பெயர் வைத்தார்கள். புனித நீர் தெளித்ததும் அந்தக் கட்டடம் முழுக் கிறிஸ்தவமாகிவிட்டது. அதன் தூண்களுக்குள் இன்னும் யூதம் ஒளிந்திருக்கிறதா என்று யாரும் உளவு பார்க்கவில்லை. அதே திருமுழுக்கைப் பெற்ற மனிதர்கள் நான்காம் தலைமுறையிலும் சந்தேகத்துக்கு உரியவர்கள். 1547இல் பேராயர் சிலிசேயோ, பேராலயத்தில் பதவி பெற வருபவர் தம் முன்னோரில் யூதரோ முஸ்லிமோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அவரே வெண்ணிற மரியாளின் பழைய ஜெபாலயத்தை மனந்திருந்திய பெண்களுக்கான இல்லமாக மாற்றினார். ஜெபாலயமாக இருந்த சுவருக்குள் ஆன்மாக்களை ஒப்படைக்க அவருக்கு அச்சம் இல்லை. ஜெபாலயத்துக்குப் போயிருந்த ஒருவரின் கொள்ளுப்பேரனிடம் ஒரு பதவியை ஒப்படைக்கத்தான் அச்சம். மதம் மாறிய கல்லை அந்த நகரம் நம்பியது, மதம் மாறிய மனிதரை நம்பவில்லை. திருமுழுக்கு மனிதனைப் புதிதாக்குகிறது என்பதே கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடு. அந்த வரம் இங்கே கிடைத்தது செங்கல்லுக்கு.

இந்தச் சந்தேகம் யாரைத் தொட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1485இல் தொலேடோவின் சமய விசாரணை மன்றத்தின் முன் நின்று, அவமானச் சட்டை அணிந்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் கோயிலாக நடக்கவைக்கப்பட்டவர் ஹுவான் சாஞ்செஸ் என்ற யூத வழிவந்த துணி வணிகர். அவருடைய பேத்திதான் ஆவிலாவின் புனித தெரேசா. 1577இல் தொலேடோவில் இருந்தபோதுதான் தெரேசா ‘உள்ளக் கோட்டை’ என்ற தம் மிகச் சிறந்த நூலை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டுதான் கிரீட் தீவிலிருந்து வெனிஸ், ரோம் வழியாக ஓவியர் எல் கிரேக்கோ அந்த ஊருக்கு வந்தார். இறுதிவரை தம் ஓவியங்களில் கிரேக்க எழுத்தில் கையெழுத்திட்ட அந்த அந்நியரின் தூரிகையை நகரம் வரவேற்றது. சாந்தோ தோமே தேவாலயத்தில் (சென்னையின் சாந்தோமுக்குப் பெயர் தந்த அதே தோமையாரின் பெயர்) ஓர்காஸ் பிரபுவின் அடக்கத்தை அவர் 1586 முதல் 1588 வரை வரைந்தார். அந்த ஓவியம் இன்றும் அந்தப் பிரபுவின் கல்லறைக்கு மேலேயே இருக்கிறது. கீழே கறுப்பு உடையில் வரிசையாக நிற்கும் நகரத்துக் கனவான்களின் முகங்களில் அத்தனை பக்தி. அந்த பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் காலத்தில் அந்த வரிசையில் இடம் பெறுவதற்கு, வம்சாவளி கேட்கப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஓவியத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது.

என் வாதத்துக்கு எழும் மறுப்புகளில் மிக வலுவானது கலை வரலாற்றாசிரியர்களுடையது. இந்த ஊர்க் கட்டடங்களில் தெரியும், முதேகர் என்று நாம் பெயரிடும் பாணியை ‘முஸ்லிம்களின் கலை’ என்று அக்காலத் தொலேடோ மக்கள் பார்க்கவே இல்லை, செங்கல்லும் சுதையும் கையருகே கிடைத்தன, கொத்தனார்கள் அதில் தேர்ந்தவர்கள், அது அந்த ஊரின் பொதுப் பாணி, அவ்வளவுதான் என்பார்கள். சரியென்றே ஏற்கிறேன். யூதர்கள் தங்கள் ஜெபாலயச் சுவரில் அரபியை எழுதியது வேற்றவரிடம் கடன் வாங்கியதாக நினைத்து அல்ல, அது அவர்கள் மொழியும்தான். ஆனால் இதனால் என் வாதம் இன்னும் கூர்மையாகிறது. பிறருடையது என்ற உணர்வே எழாத அளவுக்கு ரசனை பொதுவாகிவிட்ட பிறகும் விரட்டல் நடந்தது. 1492இல் யூதர்களும், 1502இல் காஸ்டிலின் முஸ்லிம்களும், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணையின் முன் நிறுத்தப்பட்டார்கள். பொது ரசனை அத்தனை முற்றியிருந்தும் தடுக்க முடியாததை, பயணி ஒருவரின் ஒருநாள் ரசனை தடுத்துவிடும் என்று எப்படி நம்புவது?

இன்றைய அளவுகோலால் அன்றைய மக்களை அளக்கிறாய் என்பார்கள். அளவுகோல் அவர்களுடையதுதான். 1449இன் சட்டத்தை அதே ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் கண்டித்தார். யூத வழிவந்த பர்கோஸ் ஆயர் அலோன்சோ தே கார்த்தஹேனா, திருமுழுக்கு பெற்ற அனைவரும் ஒரே உடல் என்று நிறுவ ஒரு நூலே எழுதினார். அநீதி என்று அன்றே பெயர் சொல்லப்பட்டதைத்தான் நாமும் சொல்கிறோம். இடிக்காமல் விட்டதே ஒரு மரியாதை இல்லையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு: அந்த ஊரில் இருந்த பல ஜெபாலயங்களில் இன்று நிற்பவை இரண்டே. இரண்டும் நின்றது ஏதோ ஒன்றுக்குப் பயன்பட்டதால். வெண்ணிற மரியாள் பின்னாளில் படைவீரர்களின் தங்குமிடமாகக்கூட இருந்திருக்கிறது.

ஒரு கதையை மட்டும் இந்தக் கணக்கில் எளிதாகச் சேர்க்க முடியவில்லை. 1085இன் உடன்படிக்கைப்படி தலைமை மசூதி முஸ்லிம்களுக்கே என்று ஆறாம் அல்போன்சோ வாக்களித்திருந்தான். அவன் ஊரில் இல்லாத நேரம், அரசியும் பேராயர் பெர்னார்தும் இரவோடு இரவாக அதைக் கைப்பற்றிப் பலிபீடம் அமைத்துவிட்டார்கள். வாக்கு பொய்த்த கோபத்தில் அரசன் அவர்களைத் தண்டிக்க விரைந்து வந்தபோது, அபு வாலித் என்ற முஸ்லிம் சட்ட அறிஞர் எதிரே சென்று அவர்களுக்காக மன்றாடினார் என்கிறது மரபு. பேராலயத்தின் முதன்மைப் பலிபீடம் உள்ள பகுதியில், புனிதர்களுக்கும் அரசர்களுக்கும் நடுவே அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. நன்றியை மறக்காத சிலை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தக் கதையை நமக்கு எழுதிவைத்தவர் ஹிமேனெஸ் தே ராதா, மசூதிக் கட்டடத்தை இடித்தவர். அந்தக் கதையில் முஸ்லிம் ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து எதிராளியின் உயிரைக் கேட்கிறார். இந்தக் கட்டுரை முழுவதும் தேடிய பொருள் அதுதான்: தனக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும் பிறரை ஏற்பது. அதை நகரம் கண்டுகொண்டது, வியந்தது, கல்லில் வடித்தது. மசூதியைத் திருப்பித் தரவில்லை.

எனவே தொலேடோவின் முன் வைக்க வேண்டிய கேள்வி எதை ரசிப்பது என்பதைவிட, எதைத் திருப்பித் தருவது என்பதே. சாந்தா மரியா லா பிளாங்கா இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் உடைமை. அடையாளமாகவாவது அதை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று ஸ்பெயினின் யூத சமூகம் நம் காலத்திலேயே கேட்டிருக்கிறது. தொலேடோவில் வழிபட யூதர்களே இல்லையே, வாங்கி என்ன செய்வார்கள் என்று பதில் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஏன் இல்லை என்பதற்கான விடையை அந்த ஊர் எழுதிவைத்திருக்கிறது, 1449இன் தாளிலும் 1492இன் தாளிலும்.