தாங்கும் தகுதி யாருக்கு?

கிணற்றில் விழுந்து தத்தளிப்பவனை மீட்கக் கரையில் நிற்பவன் வேண்டும். உடன் விழுந்து கிடப்பவனால் என்ன செய்ய இயலும்? சிறைப்பட்ட ஒருவன் மற்றொரு கைதியின் மனத்துயரைத் தாங்கலாம் என்றால் உலகம் இவ்வாறே வினவும்.

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரச் சிறையில் 1990-ஆம் ஆண்டு பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டு அதே சிறையில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. மனம் உடைந்தோரின் துயரைச் செவிமடுப்பதற்கென 1953-இல் லண்டனில் தோன்றிய ‘சமாரிட்டன்ஸ்’ என்ற அமைப்பின் தொண்டர்கள், கைதிகளுள் சிலருக்குப் பயிற்சி அளித்தனர். ‘கேட்போர்’ என்பதே அவர்களுக்கு இட்ட பெயர். சக கைதி அழைத்தால் அவர்கள் அருகில் சென்று அமர்வர். குற்றத்தை விசாரிப்பதில்லை, அறிவுரை வழங்குவதில்லை, கேட்டதைப் பிறரிடம் பரப்புவதுமில்லை. பொறுமையுடன் கேட்பதே அவர்கள் பணி. பின்னர் இம்முறை பிரிட்டனின் பல சிறைகளுக்கும் பரவியது.

அதிகாரியிடம் திறவாத மனம், அதே பூட்டிய கதவின் பின்னே அதே நீண்ட இரவைக் கழித்தவனிடம் திறக்கிறது. இங்குத் தகுதியைத் தருவது தூய்மை அன்று, பட்ட துன்பமே. இதனினும் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. சிறையில் மனிதன் எப்போதும் பெறுபவனாகவே இருக்கிறான்: உணவு, உத்தரவு, தண்டனை, சில வேளைகளில் இரக்கம். பிறனுக்காகச் செவிசாய்க்கும் கணத்தில்தான் அவன் மீண்டும் கொடுப்பவன் ஆகிறான். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் அங்கே தளர்கிறது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்க்கு இது அநீதி ஆகாதா? ஆகாது. செவிமடுத்தல் மன்னிப்பு அன்று; அதனால் தண்டனையில் ஒரு நாளும் குறைவதில்லை. வாழ விரும்புபவனே திருந்தவும் விரும்புவான். நம்பிக்கை இழந்து மடிபவன் எவருக்கும் ஈடு செய்வதில்லை. மேலும், 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி பாரதச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாதவர்கள்.

எனினும் கேட்பவன் மருத்துவன் அல்லன். மனநோய்க்குச் சிகிச்சை வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலேனும் மனநலச் சிகிச்சை நிலையம் அமைய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசுகளைப் பணிக்கிறது.

உடன் விழுந்தவனால் மேலே ஏற்ற இயலாது. ஆயினும் மற்றவன் மூழ்கிவிடாமல் தாங்கிப் பிடிக்க இயலும். அவ்வாறு தாங்குகையில் அவனும் மிதக்கக் கற்கிறான். கயிற்றை இறக்குவது கரையில் நிற்போரின் கடமை. தண்டனை முடிந்து வீடு திரும்புபவன் தன் துயரைச் சொல்ல வாய் திறக்கும்போது, முகம் திருப்பாமல் கேட்கும் ஒரு செவி அந்தக் கயிற்றின் முதல் இழை.